சீஸ் இல்லாத பர்கர்

எருசலேமில் அந்த பர்கர் கடை வாசலில் மாட்டியிருந்த கோஷர் சான்றிதழை மெண்டல் மூன்றாம் முறையாகப் படித்தார். சிகாகோவில் கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பற்றி வகுப்பெடுப்பவர் அவர். இதே கம்பெனியின் கடை அங்கே அவர் வீட்டுத் தெருமுனையிலும் உண்டு. அது கோஷர் இல்லையென்று, மழைக்கு ஒதுங்கக்கூட மனைவியை அவர் உள்ளே விட்டதில்லை.

"பசி உயிர் போகுதுங்க" என்றாள் மனைவி ஃப்ரூமா.

"அறுபது வயசு வரைக்கும் பொறுத்தவளுக்கு அஞ்சு நிமிஷம் பொறுக்காதா?" என்றவர், கல்லாவில் நின்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "கறி மேல சீஸ் கீஸ் வெச்சிட மாட்டியே?"

"கறியும் பாலும் சேரக் கூடாதுன்னு எங்களுக்கும் தெரியும் தாத்தா. சீஸ் இந்தக் கடைக்குள்ளயே வராது."

மெண்டல் கை கழுவி, மந்திரம் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முதல் கடி கடித்தார்.

"எப்படி இருக்குங்க?"

"என்ன இருந்தாலும் நம்ம தெருமுனைக் கடை மாதிரி வராது. அங்க சீஸ் உருகி விரல் வரைக்கும் வழியும்..."

வாய் பாதியில் நின்றது. முப்பத்தைந்து வருடம் கட்டிக்காத்த மரியாதை தட்டில் கிடந்தது. மெண்டலின் காதுகள் சிவந்தன.

ஃப்ரூமா அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

"எந்தக் கிழமை போவீங்க?"

"வியாழன்" என்றார், தரையைப் பார்த்து.

"அதான் ஒரு தடவைகூட நாம சந்திச்சுக்கல" என்று உருளைக்கிழங்கு வறுவலை அவர் பக்கம் தள்ளினாள். "நான் செவ்வாய்க்கிழமை. உங்க வகுப்பு நடக்கிற நேரம்."