உள்ளே கேட்ட சிரிப்பு

"அம்மாவை எதுக்கு உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

தச்சர் தலை தூக்கவில்லை. கதவுச் சட்டத்தின் மேல் இழைப்புளி ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே நின்றவள் அவருடைய மகள். தான் ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு அவளை இப்போதுதான் பார்க்கிறார். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பேத்தி.

"ஏம்ப்பா, பொண்ணு நிக்குது. அந்தக் கட்டை எங்கயும் ஓடிப்போயிடாது. நிமிர்ந்து பாரு," என்றார் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பட்டறை முதலாளி.

இழைப்புளி நின்றது.

"கோர்ட்டுல சொன்னதுதான். சண்டை. கோவம். ஸ்டோர் ரூம்ல தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டு வெளிய போயிட்டேன். வார்னிஷ் டப்பா தீப்பிடிக்கும்னு கனவா கண்டேன்?"

"இதைச் சொல்லிச் சொல்லித்தான் சித்தி என்னை வளர்த்தாங்க. நான் கேக்கறது வேற." மகள் குரல் இறங்கியது. "அன்னிக்கு நடந்ததுல ஒண்ணே ஒண்ணு எனக்கு ஞாபகம் இருக்கு. உள்ள இருந்து அம்மா கதவைத் தட்டறாங்க. தட்டிக்கிட்டே சிரிக்கிறாங்க. சண்டை போட்டவங்க சிரிப்பாங்களா?"

தச்சர் தன் வலது கையைத் தோள் துண்டுக்குள் மறைத்தார். அதில் இரண்டு விரல் மடங்காது. எரிகிற கதவைப் பிடித்து இழுத்த கை.

"சின்னப் புள்ளையில கேட்டது. எதையாவது போட்டுக் குழப்பிக்காத."

"குழப்பம் இல்ல. இப்பவும் தூக்கத்துல அந்தச் சிரிப்பு கேக்குது. வீட்டுக்காரர் வெளிய கார்ல இருக்கார். 'உங்கப்பா எதையோ மறைக்கிறார், வேற யாராவது செஞ்சிருந்தா அவரைக் கையோட நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு'ன்னு சொன்னார். மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. இவ வேற தாத்தா எங்க, தாத்தா எங்கன்னு உயிரை எடுக்கறா. அந்தத் தாழ்ப்பாளை நீங்க போடலதானே? சொல்லுங்கப்பா."

தச்சர் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. போலீஸ், வக்கீல், சொந்தக்காரன் எல்லாரும் அவருக்கு ஒன்றுதான். மாடி ரூம் என்று மட்டும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அந்த 'அப்பா'தான் அவரை என்னமோ செய்தது. பட்டறையில் இரண்டு பலகைக்கு மேல் படுத்துத் தூங்குகிறவர், வாயைத் திறந்தார்.

டக்.

பேத்தி சுவரில் சாய்த்திருந்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, அதிலிருந்த தாழ்ப்பாளைத் தள்ளினாள். இழுத்தாள். மறுபடி தள்ளினாள். டக். தள்ளிவிட்டு, கை தட்டிச் சிரித்தாள்.

தச்சர் பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை வீறிட்டது.

"பிள்ளையைத் தொடாதீங்க." மகள் அவளை வாரி எடுத்துக்கொண்டாள். "என்ன கேட்டேன் உங்களை? அம்மா ஏன் சிரிச்சாங்க?"

தச்சர் பேத்தியையே பார்த்தார். மகளுக்கும் அந்த வயதில் இதே முகம்தான்.

"உங்கம்மாவுக்கு என் கோவம்னா எப்பவும் கிண்டல்," என்றார். "எப்படியும் திறந்துடுவான்னு நினைச்சுச் சிரிச்சா. அதுல எனக்கு வெறி ஏறிடுச்சு. திறக்காமப் போயிட்டேன். நான்தான். போதுமா?"

மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் இரண்டடி பின்வாங்கினாள்.

"சிரிச்சவங்களை எரிய விட்டுட்டுப் போயிருக்கீங்க. நாளைக்கு நீங்க செத்துட்டீங்கன்னு ஆள் வந்து சொன்னாலும் நான் வர மாட்டேன்."

"வராத. ஒண்ணு மட்டும் கேளு. உன் வீட்டுல எந்தக் கதவுக்கும் கீழ தாழ்ப்பாள் வைக்காத. உயரத்துல வை."

"இந்த நேரத்துலயும் தொழில் பேச்சு. நல்லாயிருங்க."

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. முதலாளி பாதித் தேநீரைத் தரையில் கொட்டினார்.

"ஏதோ ஆத்திரத்துல தப்புப் பண்ணிட்ட ஆளுன்னு நினைச்சுத்தான்யா உன்னை உள்ள விட்டேன். இப்படிப்பட்டவன்னு தெரியாமப் போச்சு. நாளையிலேர்ந்து இங்க படுக்காத."

"சரி முதலாளி."

தச்சர் உளியையும் சுத்தியலையும் பையில் போட்டார். சுவரோரம் இருந்த கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். மேலே, தன் தலைக்குச் சமமாக, பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

எரிந்துபோன அந்த ஸ்டோர் ரூம் கதவில் இருந்தது ஒரே ஒரு தாழ்ப்பாள். அம்மாதான் திருடன், தான் போலீஸ் என்று விளையாடிய நாலு வயது மகள் 'எனக்கு எட்டல' என்று அழுததால், தீப்பிடித்ததற்கு முதல் நாள்தான் அதை அவள் கைக்கு எட்டும்படி கீழே இறக்கி அடித்துக் கொடுத்திருந்தார்.