இரண்டு ஜன்னல், ஒரு கழுத்து

ஆலைகளும் அரசும் ஒரே அலுவலகத்தில் இயங்கத் தொடங்கிய மூன்றாம் வருடம், அமில ஆலையில் வாயு கசிந்து தணிகாசலம் செத்துப்போனான். அவன் மனைவி அம்சவேணி புகார் எழுதிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள்.

ஆலை ஜன்னலில் இருந்த அதிகாரி, "அனுமதி குடுத்தது கவர்மெண்டு. பக்கத்து ஜன்னலுக்குப் போம்மா," என்றார்.

அரசு ஜன்னலிலும் அவரே வந்து உட்கார்ந்தார். "தப்பு ஆலையோடது. அங்க போய்க் கேளும்மா."

"நீங்கதான சார் அங்கயும் இருந்தீங்க?"

"அது வேற பொறுப்பும்மா."

நான்கு முறை நடந்தாள். ஐந்தாம் முறை கம்பிக்குள் கைவிட்டு அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஜன்னல் ரெண்டு இருக்கலாம்டா. கழுத்து ஒண்ணுதான?"

காவலர்கள் ஓடிவந்தார்கள். புகாரோடு வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர்கூட வழிவிடவில்லை.