மூத்தவளின் கார்

மெக்கானிக் ஸ்விட்சை நான்கு வேகத்திலும் திருகிப் பார்த்தார். ஹீட்டர் ஃபேன் மூச்சுவிடவில்லை.

“இந்த மாடல்ல மோட்டார்தான் போகும் சார்.” டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

என் கணவர் டிரைவர் சீட்டில் இருந்தார், ஒரு கால் வெளியே. நான் கோட் பைக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு நின்றேன்.

கார் மூத்தவளுடையது, அவருடைய முதல் மனைவியுடையது. அவள் இறந்து மூன்று வருடம். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

வீட்டில் அவளுடைய பொருள் எதுவும் இல்லை. காரில் மட்டும் இருந்தாள்.

வந்த முதல் வாரமே டேஷ்போர்டு பெட்டியில் கைக்குத் தடவும் க்ரீம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எலுமிச்சை வாசம். பாதி தீர்ந்த ட்யூப், அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருந்தது.

நான் நடுவில் பிதுக்குகிறவள்.

குப்பையில் போட்டேன். அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஃபேனிலிருந்து அந்த வாசம் வரத் தொடங்கியது. காலையில் சூடான காற்று முகத்தில் பட்டதும் அவர் ஒரு கணம் கண்ணை மூடுவார்.

அந்த ஒரு கணம் நான் காரில் இல்லை.

மெக்கானிக் பெட்டியைக் கழற்றினார். அதன் பின்னாலிருந்து காற்று ஃபில்டரை உருவினார். மூன்று வருடத் தூசு இருக்கும், அவள் முடி ஒன்றாவது இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

வெள்ளையாக இருந்தது.

“புதுசால்ல போட்டிருக்கீங்க.”

“கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாத்தினேன்,” என்றார் கணவர். “இவளுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு காத்துக் குழாய் வரைக்கும் கழுவச் சொன்னேன். அந்தப் பெட்டியத் திறந்து பாக்கத்தான் மறந்துட்டேன்.”

மெக்கானிக்கிடம்தான் சொன்னார்.

மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுத்தார் மெக்கானிக். சுழன்றது. தலையைச் சொறிந்துகொண்டு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார்.

“முதல்ல இங்கதான் பாத்திருக்கணும். ஃபியூஸ் எரியல சார். ஃபியூஸே இல்ல. இறங்கி நடந்து போயிருக்கு.”

அவரே சிரித்துக்கொண்டார். கணவர் சிரிக்கவில்லை.

கோட் பைக்குள் அந்த ஃபியூஸின் இரண்டு கால்களும் என் விரலில் குத்தின. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது.

புது ஃபியூஸ் ஏறியது. ஃபேன் சீறியது.

“உக்காந்து பாருங்கக்கா,” என்றார் மெக்கானிக்.

உட்கார்ந்தேன். கணவர் தன் பக்கம் வந்த காற்றையும் என் பக்கம் திருப்பிவிட்டார். இந்த முறை கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடு வருதா?”

“வருது.”

கூடவே எலுமிச்சை வாசமும்.