குரலை மட்டும் பிடிக்கும் மைக்

அக்கா ஹுஸ்னாவின் குரலை ஒருநாள் ஊரே கேட்கும் என்பது அயாஸின் கனவு. மாடி அறைச் சன்னல்களைப் போர்வையால் அடைத்துவிட்டு, நாகல் நகர் கடையிலிருந்து இரண்டு மைக்குகளைப் பாடிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தான். போன மாதம் வாடகை மைக்கில் பதிந்த கேசட்டை அக்காவே தபாலில் சேர்த்தாள். சென்னைக் கம்பெனியில் யாரோ கண்மூடி அதைக் கேட்பதாக அவன் அடிக்கடி நினைத்துக்கொள்வான்.

இரண்டிலும் பாடி முடித்தாள் ஹுஸ்னா.

“இது கொஞ்சம் வெல கூட. ஆனா வாடகை மைக்கு மாதிரியே குரல மட்டும் புடிக்குதுக்கா.”

“இன்னொண்ணு?”

“மலிவுதான். குக்கர் விசிலு, பஸ் ஹாரன், அம்மா கத்துறது, எல்லாத்தையும் சேத்துப் புடிச்சிருச்சு.”

“அப்ப அதையே எடு.”

“கேசட்டக் கேக்குறவுக காறித் துப்பிருவாக!”

ஹுஸ்னா சன்னல் போர்வைகளை அவிழ்த்துப் போட்டாள். பிறகு ஒரு கடிதத்தை நீட்டினாள். குவைத் தபால்தலை, மச்சானின் கையெழுத்து.

“கேசட் கெடச்சுச்சு. பாட்டு தேனா இருக்கு. ஆனா எம்புட்டுக் காதத் தீட்டிக்கிட்டுக் கேட்டும் நம்ம வீடு கேக்கலையே, ஹுஸ்னா.”