ஒரு சொட்டு

மூலை மேஜையில் இருந்த இளைஞன் கோட்டைக் கழற்றவே இல்லை. வெளியே ஜூலை வெயில். அவனுடைய வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

வெர்னன் அதைக் கவனித்துவிட்டார். பாரின் உயரமான நாற்காலியில் லேசாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் இடுப்பு உறையில் துப்பாக்கி இருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லைசென்ஸ் உள்ளவர் அதை பாருக்குள் கொண்டுவரலாம்.

"யாருப்பா அவன்?"

எமெட் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான். இங்கே ஊற்றிக்கொடுக்கும் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "தெரியலண்ணே. நேத்தும் வந்தான். நீங்க எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டான்."

"என்ன குடிக்கிறான்?"

"காபி. நீங்க என்னடான்னா ஐஸ் டீ. இப்படியே போனா முதலாளி கடையை மூடிட்டு மாதா கோயில் கட்டிருவார்."

வெர்னன் சிரிக்கவில்லை. தட்டில் கெளுத்தி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது.

"இடுப்புல துப்பாக்கி இருந்தா நாக்குல ஒரு சொட்டு படக்கூடாது. லைசென்ஸுக்கு வர்றவங்களுக்கு நான் நடத்துற வகுப்புல மொதல் பாடமே அதான். மீறினா துப்பாக்கி போகும், லைசென்ஸ் போகும். நான் மீறினா வகுப்பும் சேர்ந்து போகும்."

"அன்னிக்கு உங்களைக் காப்பாத்தினதும் அதுதானேண்ணே."

வெர்னன் தலையாட்டினார். அந்தக் கதையைச் சொல்ல அவருக்கு அலுத்ததே இல்லை.

போன வருஷம், ஐம்பது மைல் தள்ளி ஒரு உணவகம். யாரோ ஒருவனோடு வாய்த்தகராறு. அவன் கோட்டுக்குள் கையை விட்டான். வெர்னன் சுட்டார். அவன் எடுக்கப் போனது மூக்குக் கண்ணாடி. குண்டு அவன் மேல் படவில்லை. பின்மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொரின் என்ற பெண் மேல் பட்டது. இருபத்தெட்டு வயது. அங்கேயே இறந்துபோனாள்.

"ரத்தத்துல சாராயமே இல்ல. தெளிவா இருந்த மனுஷன், பயத்துல சுட்டுட்டார்னு ஜூரி விட்டுட்டாங்க. துப்பாக்கியையும் திருப்பிக் குடுத்துட்டாங்க." இடுப்பைத் தட்டினார். "இதோ."

எமெட்டின் கை நின்றது. "அதேவா?"

"அதேதான். ராசியான துப்பாக்கி."

"அந்தப் பொண்ணோட புருஷன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் ஒரு நாள்கூடக் கோர்ட்டுக்கு வரல. நெட்டையா குட்டையான்னுகூட எனக்குத் தெரியாது." சொல்லிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார். பார்வை மூலைக்குப் போனது. "இவனா இருக்குமோ?"

எமெட் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தான். "வயசு ஒத்துப்போகுது."

மூலையில் இருந்தவன் அசைந்து உட்கார்ந்தான். கை இன்னும் பைக்குள்தான். வெர்னன் உறையின் பொத்தானைக் கழற்றினார்.

"கையை எடுங்கண்ணே. பின்னாடி ஒரு குடும்பம் சாப்பிடுது. இன்னொரு தடவை ஜூரி விட மாட்டாங்க."

வெர்னன் கையை எடுத்தார். விரல்கள் நடுங்கின. "நான் கிளம்பறேன்."

"வாசல் அவன் பக்கத்துல இருக்கு. அவனைத் தாண்டித்தான் போகணும். அவன் போற வரைக்கும் உட்காருங்க."

எமெட் மேல்தட்டிலிருந்து விஸ்கியை எடுத்தான். ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி அவர் முன்னால் வைத்தான்.

"வேணாம்பா. சட்டம்."

"மத்தியானம் மூணு மணி. உங்க வகுப்புப் பசங்க யாரும் இல்ல, வாத்தியாரே. நடுங்குற கையில துப்பாக்கி இருக்கறதைவிட இது மேல்."

வெர்னன் கிளாஸைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அவன் கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே மடக்கு. எமெட் மறுபடி ஊற்றினான். அதுவும் உள்ளே போனது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இளைஞன் எழுந்து அவரை நோக்கி நேராக நடந்து வந்தான். வெர்னனின் கை இடுப்புக்குத் தாவியது. அது போய்ச் சேரும் முன் எமெட் பார் மேஜைக்கு மேலாக எட்டிப் பாய்ந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான்.

இளைஞனின் கை பையிலிருந்து வெளியே வந்தது. அதில் நட்சத்திர வடிவப் போலீஸ் சின்னம்.

"ஷெரிஃப் ஆபீஸ் சார். பேரு ப்ரூவர். துப்பாக்கியோட நீங்க இங்க குடிக்கப்போறதா தகவல் வந்துச்சு. நேத்துலேர்ந்து உட்கார்ந்திருக்கேன். ரெண்டு கையையும் மேஜை மேல வைங்க."

துப்பாக்கி உறையிலிருந்து போனது. விலங்கு பூட்டப்பட்டது. பின்மேஜைக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

வெர்னனின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. "புரிஞ்சுபோச்சு. ஷெரிஃப்பாம் ஷெரிஃப். நீ அந்தக் கொரினோட புருஷன்தானே? உள்ளே இத்தனை வன்மத்தை வெச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தியாடா?"

ப்ரூவர் விலங்கை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தான். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்."

எமெட் காலி கிளாஸை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி ப்ரூவரிடம் கொடுத்தான். பிறகு மேஜை மேல் சாய்ந்து, வெர்னனின் காதுக்கருகே குனிந்தான்.

"அவ புருஷன் நான்தாண்ணே."