கைமாறிய வளையம்

"எங்கடா உன் பொண்டாட்டி?"

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் தம்பியிடம் கத்தினாள் ஜோதிலட்சுமி. கட்டிலில் அம்மா பூவம்மாள் ஜுரத்தில் முனகிக்கொண்டிருந்தாள். இடுப்பு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ். ஊசி மேல் ஊசி போட்டும் கேட்கவில்லை.

"கல்பனா வாசல் கேட்டாண்ட நிக்கிறாக்கா" என்றான் ஜெகன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தான்.

"அம்மா இப்டி கெடக்குது, அங்க இன்னா வேடிக்கை?"

"கூப்ட்டேன். உள்ள வரமாட்டேன்றா."

"எப்டி வருவா? அம்மாவைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவுவா, தொட்டுட்டும் கழுவுவா. நம்ம அம்மா இன்னா சாக்கடையா? என்னையும் 'கழுவுங்க அண்ணி, கழுவுங்க அண்ணி'ன்னு ஒரே பேஜாரு. சோறு ஊட்றது, தொடைக்கறது, கட்டு நழுவுனா சரி பண்றது, எல்லாம் நானு. பெத்த பொண்ணுக்கு அருவருப்பு ஏதுடா?"



டாக்டர் ஈஸ்வரி வந்தார்.

"போன வாரம் கேட்ட மருந்து இப்போ ஏன் கேக்கல டாக்டரம்மா?" என்றாள் ஜோதிலட்சுமி.

"புண்ல இருக்கறது அதே கிருமிதான். ஆனா மருந்தை முறியடிக்கிற வித்தையைப் புதுசா வாங்கிக்கிச்சு."

"யார்கிட்டருந்து?"

டாக்டர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். துணைக்கு ஆளில்லாத ஆரோக்கியமேரி, மூத்திரப் பையோடு படுத்திருந்தாள். மகனுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை; லீவு கிடைக்கவில்லை.

"அவங்க மூத்திரத்துல வேற வகைக் கிருமி இருக்கு. பெரிய பெரிய மருந்துக்கே அடங்காது. அந்த வித்தை ஒரு குட்டி வளையத்துல இருக்கு, பிளாஸ்மிட்னு பேரு. ரெண்டு கிருமி ஒட்டிக்கிட்டா போதும், இது நகல் எடுத்து அதுக்குக் கொடுத்துடும். லேப்ல பாத்தாச்சு. ரெண்டுலயும் ஒரே வளையம்."

"அங்கேருந்து இங்க எப்டி வந்துச்சு?"

"கையாலதான்!" டாக்டரின் குரல் உயர்ந்தது. "அந்தப் பையைக் காலி பண்ணிட்டு, கை கழுவாம வந்து உங்கம்மா புண்ணைத் தொட்டிருக்காங்க. காலைல நர்ஸ் விசாரிச்சப்ப உங்க வீட்டு மருமகளே ஒத்துக்கிட்டாங்க. 'நான்தான் மேடம், வேற யாரையும் கேக்காதீங்க'ன்னு அழுதாங்க. இனி வார்டுக்குள்ள காலை வைக்காதேன்னு நான்தான் துரத்தினேன். கடைசியா ஒரு மருந்து சொல்லியிருக்கேன். அதாவது கேக்கணும்."

"பாவி! எங்கம்மாவைச் சாவடிக்கப் பாத்தாளா?"

கத்திக்கொண்டே ஜெகன் வெறி பிடித்தவன்போல் வாசலுக்குப் பாய்ந்தான். ஜோதிலட்சுமி எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கல்பனாவை ஒண்ணும் பண்ணாதடா... அந்தப் பையை அவ ஒரு நாளும் தொட்டதில்ல. ஆளில்லாத பொம்பளையாச்சேன்னு, தெனமும் நான்தாண்டா காலி பண்ணேன்."