ஞாயிற்றுக்கிழமை ஆவி

டிக்கெட் வாங்கி ஹார்ன்பெக் மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் தோட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒரு கிழவி மட்டும் குழந்தைகள் அறையின் ஜன்னலை விட்டு அசையவில்லை.

மாளிகையின் சொந்தக்காரர் ஆம்ப்ரோஸ் பிரபு, அவளுக்காகக் கதையை இன்னொரு தடவை சொன்னார். "அதோ, அந்தத் தேவதாரு மரத்தடியிலதான் நிக்கும். சாம்பல் நிறக் கோட்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவளோட ஆவின்னு என்னை வளர்த்த ஆயா சொல்லுவா. சின்ன வயசுல நானே பார்த்திருக்கேன்."

"எப்போ வரும்?"

"அதுதான் வேடிக்கை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும். மழை பெஞ்சாலும் தவறாது."

"பட்டப்பகல்ல ஆவியா? ஏன்னு யாரும் கேக்கலையா?"

"ஆவிகிட்ட போய் யாரு கேக்கறது!" என்று சிரித்தார்.

கிழவி சிரிக்கவில்லை. "நான் பக்கத்து ஊர் பங்களாவுல வேலைக்காரியா இருந்தேன், ஐயா. வாரத்துல அந்த அரை நாள்தான் எங்களுக்கு லீவு. அதுக்கு முன்னாடி இந்த வீட்டுலதான் இருந்தேன். பிள்ளை பொறந்ததும் வெறுங்கையோட அனுப்பிட்டாங்க."

ஆம்ப்ரோஸ் ஜன்னலருகே வந்து அந்த மரத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பயமா இருந்ததே இல்லை" என்றார் மெதுவாக. "இங்கேருந்து கையாட்டுவேன்."

"தெரியும். இடது கையால. ஆயா அந்தக் கையைத் தட்டிவிடுவா. நீங்க மறுபடியும் ஆட்டுவீங்க."